கரைக்கு வரும் விருந்தாளி: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவை. மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட சில ஊர்களின் இளைஞர் மன்றங்களும் மகளிர் குழுக்களும் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பண்பாட்டை வெளியூர்ப் பயணிகளுக்குக் காட்டும் இரண்டு நாள் விழா ஒன்றை நடத்தத் திட்டமிட்டு வருகின்றன. விழாவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதற்குள் கருத்து வேறுபாடுகள் வந்துவிட்டன. யாரும் அக்கறை காட்டாத காரியத்தில் சண்டை வருவதில்லை என்பதால் இதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களில் பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: இராமேசுவரத்துக்கு இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள். கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நீராடி, தனுஷ்கோடியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே வண்டியேறிவிடுகிறார்கள். பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது எங்கள் ஊர்ப் பலகையைக்கூட அவர்கள் பார்ப்பதில்லை. அவர்களை இரண்டு நாள் நிறுத்திவைக்க ஒரு விழா எடுக்க நினைக்கிறோம். எதில் தொடங்குவது? (மண்டபம் அருகிலிருந்து ஓர் இளைஞர் மன்றச் செயலாளர்)

பதில்: தேதியில் தொடங்குங்கள். பந்தல்காரரையும் ஒலிபெருக்கிக்காரரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான விழாக் குழுக்கள் தலைமை விருந்தினர் எப்போது வருவார் என்று கேட்டுத் தேதி குறிக்கின்றன; நீங்கள் காற்றைக் கேட்டுக் குறிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் தென்கடல், மறுபக்கம் வடகடல். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணைப் பகுதியும் ஒரே நேரத்தில் ஒரே குணத்தோடு இருப்பதில்லை என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எனக்குச் சொல்லித்தந்தவர்கள். அதை உங்களுக்கே திருப்பிச் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வாடைக் காலத்தில் வடகடல் குமுறும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்துவிட்டால் தென்கடல் யாரையும் கிட்டே விடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கட்டிக்கிடப்பதால் ஆண்கள் ஓய்வாக இருப்பார்கள் என்று சிலர் அந்த நாட்களைச் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் வருமானம் நின்றுபோன மாதத்தில், வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டும் கடனை எண்ணிக்கொண்டும் இருக்கிறவரிடம் போய்ச் சிரித்த முகத்தோடு விருந்தாளியை வரவேற்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னைக் கேட்டால் மாசிக் கடைசியும் பங்குனித் தொடக்கமும் சேரும் மார்ச் மாத வாரங்கள்தான் உங்களுக்குப் பொருத்தமானவை. வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது. பனையில் பாளை சீவத் தொடங்கியிருப்பார்கள். விடியற்காலைப் பதநீர் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த முண்டு மிளகாய் அப்போதுதான் பழுத்துக் களத்தில் காயும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த உருண்டை மிளகாய், சிவப்புக் கம்பளம் விரித்ததுபோல் கிடக்கும் களத்தை, எந்த அலங்காரக்காரரும் செய்து தர முடியாது. ஆக, அந்த இரண்டு வாரத்தில் கடலும் பனையும் களமும் ஒன்றாக வேலை செய்துகொண்டிருக்கின்றன. வேலை நடக்கிற இடத்துக்கு விருந்தாளியை அழைத்துப்போவதே உங்கள் விழாவாக இருக்கட்டும்.

அடுத்தது இடம். ஒரே மைதானத்தில் எல்லாவற்றையும் குவிக்காதீர்கள். கரையில் ஒன்று, பனங்காட்டில் ஒன்று, மிளகாய்க் களத்தில் ஒன்று, ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் ஒன்று என்று நான்கு இடங்களை வைத்து, ஒவ்வோர் இடத்திலும் இருபது இருபத்தைந்து பேருக்கு மேல் ஒரே வேளையில் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி காய்ச்சும் குடிசையை நினைத்துப் பாருங்கள்: பதநீர் கொதித்துக் கூழாகிப் பதம் வரும்போது, காய்ச்சுகிற அம்மா ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டையாகத் திரண்டால் இறக்கிவிடுவார். பிறகு வரிசையாக வைத்திருக்கும் சிரட்டைகளில் ஊற்றுவார். அந்த ஒரு துளியைப் பார்க்க அடுப்பருகில் பத்துப் பேர்தான் நிற்க முடியும். ஐந்நூறு பேர் முன்னால் மேடையில் அதைச் செய்தால் பின்வரிசைக்காரருக்குப் புகைதான் தெரியும். மேடை ஒன்றும் இருக்கட்டும். இல்லாவிட்டால் தலைவர்களை எங்கே உட்கார வைப்பது?

கேள்வி: விழாவின் பெயரில் ‘பழங்குடி’ என்ற சொல் இருந்தால் வெளிநாட்டுப் பயணிகளைக் கவரும் என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். சேர்க்கலாமா? (உச்சிப்புளி)

பதில்: சேர்க்க வேண்டாம். தமிழில் அந்தச் சொல்லுக்குப் ‘பழமையான குடி’ என்ற பொதுப் பொருளும் உண்டு, அரசமைப்பின்படி பட்டியல் பழங்குடியினர் என்ற சட்டப் பொருளும் உண்டு. உங்கள் குழுவில் மரக்காயர் வீட்டாரும் மீனவர்களும் பனையேறிகளும் விவசாயம் செய்யும் சம்சாரிகளும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இவர்கள் எல்லோரையும் அந்தப் பெயரின்கீழ் நிறுத்துவது, உண்மையிலேயே அந்தச் சட்டப் பாதுகாப்பைச் சான்றிதழுக்காக அலைந்து பெற வேண்டியிருக்கிறவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஊர்ப் பெயரை வையுங்கள். இந்தக் கரையின் ஊர்ப் பெயர்களே காதுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன.

கேள்வி: நாங்கள் கடல்பாசி எடுக்கும் பெண்கள். விழாவில் எங்களைக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு மேடையேறி, பாசி எடுப்பதுபோல் நடித்துக்காட்டச் சொல்கிறார்கள். பயணிகளைப் படகில் தீவுப் பக்கம் அழைத்துப்போய்க் காட்டலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ‘ஊருக்காகச் செய்யுங்கள் அக்கா’ என்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (பாம்பன் பக்கத்து ஊரிலிருந்து)

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான், அம்மா. மூன்று கேள்விகளையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

தீவுப் பக்கம் அழைத்துப்போவதை உடனே மறுத்துவிடுங்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழங்குறைந்த கடலையும் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறையும் கடற்புல்லும் கடல்பசுவும் வாழும் அந்தப் பகுதியில் நுழைவதற்கே கட்டுப்பாடு உண்டு. தலைமுறை தலைமுறையாக உங்கள் பாட்டிமார் இறங்கிய தண்ணீரில் நீங்கள் இறங்குவதே இன்று குற்றமாகப் பார்க்கப்படுகிறது என்ற வேதனையை உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வழக்கு தனி. அதன் நியாயத்தைப் பேச இந்தப் பக்கம் போதாது. ஆனால் பயணியை ஏற்றிக்கொண்டு போகும் படகு பிடிபட்டால் அபராதம் விழாக் குழுவுக்கு வராது, படகுக்காரருக்கும் உங்களுக்கும்தான் வரும். குருசடைத் தீவைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வனத்துறையின் படகு குந்துகாலிலிருந்து போகிறது. அவர்கள் அதில் போகட்டும்.

நடித்துக்காட்டுவது தேவையே இல்லை. உங்களிடம் காட்டுவதற்கு உண்மையான பொருட்கள் இருக்கின்றன. விரலில் சுற்றும் துணிப்பட்டை எத்தனை மணி நேரத்தில் கிழிகிறது, பாறையில் வெட்டுப்பட்ட விரலில் உப்புநீர் படும்போது எப்படி இருக்கும், சேலைக்கு மேல் ஏன் சட்டை போட்டுக்கொள்கிறீர்கள், இடுப்பில் கட்டும் வலைப்பை நிறைந்தால் கரைக்கு எப்படி இழுத்து வருகிறீர்கள் என்பதையெல்லாம் ஒரு பாயில் உட்கார்ந்து பொருளைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கஞ்சிப்பாசியையும் காயவைத்து மூன்று தட்டுகளில் வையுங்கள். தாங்கள் சாப்பிடும் ஐஸ்கிரீமும் பூசிக்கொள்ளும் களிம்பும் கெட்டிப்படுவது பாசியிலிருந்து எடுக்கும் சரக்கால் என்பதை அறியாதவர்கள் நம்மில் பலர். அந்தத் தட்டைத் தொட்டுப் பார்த்தவர் அதை மறக்கமாட்டார். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது விருந்தாளியும் உட்காரட்டும். நிற்பவர் கேள்வி கேட்டு, உட்கார்ந்திருப்பவர் பதில் சொன்னால் அது கண்காட்சியாகிவிடும்.

இனிச் சம்பளம். ‘ஊருக்காக’ என்ற சொல்லைப் பந்தல்காரரிடம் யாரும் சொல்வதில்லை. ஜெனரேட்டர்காரருக்கு முன்பணம் போய்விடுகிறது. பாசி எடுக்கப் போகாமல் நீங்கள் விடும் ஒரு நாள் வருமானத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேல் பேசும் ஊதியம் ஒன்றைச் சேர்த்து, தொகையில் பாதியை விழாவுக்கு ஒரு வாரம் முன்பே குழுவின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். படம் எடுப்பதற்கு உங்களிடம் கேட்க வேண்டும் என்பதையும், தண்ணீரிலிருந்து நனைந்து எழும்போது எடுக்கக்கூடாது என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழுவினர் முகம் சுளித்தால் இந்தப் பத்தியைக் கத்தரித்துக் காட்டுங்கள்.

கேள்வி: சாப்பாட்டுக் கடைகளை வெளியூர் ஒப்பந்தக்காரருக்கு விட்டால் நல்ல தொகை கிடைக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் செய்கிற பண்டங்களுக்கு இடம் கிடைக்குமா? (கீழக்கரை)

பதில்: ஒப்பந்தக்காரர் கொண்டுவருவது கோபி மஞ்சூரியன். அதைத் தின்ன யாரும் கீழக்கரைவரை வர வேண்டியதில்லை. உங்கள் ஊரில் தொதல் கிண்டுவதை நான் ஒருமுறை பார்த்தேன். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் இனிப்பும் சேர்ந்த கலவையை அண்டாவில் ஏற்றிய பிறகு, இரண்டு பேர் கை மாற்றி மாற்றித் துடுப்பை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். நிறுத்தினால் அடிப்பிடிக்கும் என்பதால் என்னோடு பேசியவர்கூட அண்டாவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரிந்து, கரும்பழுப்பாகி, துடுப்பில் ஒட்டாமல் சுருண்டு வந்தபோதுதான் அவர் நிமிர்ந்து, ‘இப்பக் கேளுங்க’ என்றார். கடல் கடந்த வணிகம் நடந்த துறைமுகங்களிலெல்லாம் இதற்கு உறவான பண்டங்கள் உண்டு. மலாய்க்காரர்களும் இலங்கைக்காரர்களும் ஏறக்குறைய இதே பெயரில் இதைச் செய்கிறார்கள். இந்தக் கரை எங்கெங்கே போய் வந்தது என்பதை விளக்க ஒரு துண்டு தொதல் போதும். ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால், கொட்டான் முடையும் பெண்களுக்கும் அதில் வேலை கிடைக்கும்.

சுறாப்புட்டு, கணவாய்த் தொக்கு, பதநீர், நுங்கு என்று பட்டியல் நீளும். போட்டி மட்டும் வைக்காதீர்கள். நடுவராகப் போன அனுபவத்தில் சொல்கிறேன்: முதல் பரிசு ஒருவருக்கு, மனக்கசப்பு ஒன்பது பேருக்கு. சமைப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வதை விழாக் குழு முன்கூட்டியே செய்து கொடுக்க வேண்டும். கடைசி நாளில் தாள் இல்லை என்று வீட்டுப் பெண்களை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் நுழைந்த கதையை வேறோர் ஊரில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. அதை விழாத் தேதிக்கு மாற்றிவைக்கக் கேட்கிறார்கள். பெரியவர்கள் மறுக்கிறார்கள். இளையவர்களுக்கு ஆசை. (நம்புதாளை)

பதில்: பெரியவர்கள் பக்கம் நிற்கிறேன். அந்தப் போட்டி சாமிக்கும் ஊருக்கும் உள்ள கணக்கு. அதைப் பயணிக்காக நகர்த்தினால், அடுத்த ஆண்டு ஆதரவளிக்கும் நிறுவனத்துக்காக நகர்த்தச் சொல்வார்கள். மாறாக, திருவிழாத் தேதியை விழாத் துண்டறிக்கையில் அச்சிட்டு, அன்றைக்கும் வாருங்கள் என்று அழையுங்கள். காற்றடித்துப் பாய் புடைக்கும்போது படகு சாய்ந்துவிடாமல் ஆட்கள் எதிர்ப்பக்கம் தொற்றிக்கொண்டு உடம்பையே எடையாக்கிச் சமன்செய்வதைக் கரையிலிருந்து பார்த்தவர், ஒரு வருடம் காத்திருந்தும் வருவார்.

கேள்வி: கண்காட்சிக்குப் பழைய வரலாறு ஏதாவது உண்டா? இல்லை, குமரிக்கண்டத்திலிருந்து தொடங்க வேண்டுமா? (இராமநாதபுரம், ஆசிரியர்)

பதில்: ஐயா, அவ்வளவு தூரம் நீந்த வேண்டாம். வைகை கடலைச் சேரும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1980-களிலிருந்து நடத்திய அகழாய்வுகளில் ரோமானியத் தொடர்பைக் காட்டும் மட்கலன்களும் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கீழக்கரையில் கல்தூண்களோடு திராவிடக் கட்டடக் கலையில் எழுந்த பள்ளிவாசல் இருக்கிறது. உமறுப் புலவரை ஆதரித்த சீதக்காதி வள்ளலின் ஊர் அது. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள் உள்ளன. இவற்றின் பெரிய படங்களை உங்கள் மாணவர்களே விளக்கட்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றி விளக்குவதற்கு மட்டும் மாணவர்களை விடாதீர்கள். நினைவுள்ள மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

கேள்வி: நாகாலாந்தின் ஹார்ன்பில் விழாவைப் போல நம் கரையிலும் ஏன் பெரிதாகச் செய்யக்கூடாது? (சென்னையில் வாழும் சாயல்குடிக்காரர்)

பதில்: அந்த விழாவைப் பற்றிச் சரியாகவே தெரிந்துவைத்திருக்கிறீர்கள், ஆனால் அதன் பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு முதல் மாநில அரசே முன்னின்று, கோகிமாவுக்கு அருகில் கிசாமா என்ற இடத்தில், டிசம்பர் 1 முதல் 10 வரை அதை நடத்துகிறது. தொடங்கும் நாள் அந்த மாநிலம் உருவான நாள். அங்கே நிலையான மரபுக் கிராமம் ஒன்று கட்டப்பட்டு, ஒவ்வோர் இனத்தாருக்கும் மொரங் என்னும் தங்கள் மரபு மன்றம் தனித்தனியாக இருக்கிறது. அவரவர் மன்றத்தில் அவரவரே சமைத்து, ஆடி, விருந்தினரை அமர்த்திப் பேசுகிறார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கடைசி வழக்கத்தைத்தான். பத்து நாள் கூட்டத்தைத் தாங்கக் குடிநீரோ கழிப்பறையோ தங்குமிடமோ நம் கரையூர்களில் இல்லை. இருநூறு பேரை நன்றாக உபசரித்து அனுப்புங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டும்.

கேள்வி: நாங்கள் முளைக்கொட்டுக் கும்மி அடிக்கும் பெண்கள். ஒரு விழாவில் மாலை ஐந்து மணிக்கு வரச்சொல்லி இரவு பத்தரைக்கு மேடையேற்றினார்கள். பத்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள். ஒரு வேளைச் சாப்பாடும் சால்வையும்தான் மிச்சம். மறுபடியும் போகலாமா? (திருப்புல்லாணி அருகிலிருந்து)

பதில்: நிபந்தனையோடு போங்கள். நானும் அப்படியொரு மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேச்சாளர்கள் ஒன்றரை மணி நேரம் நாட்டுப்புறக் கலையைப் போற்றிக்கொண்டிருந்தார்கள்; அந்தக் கலையைக் கற்றவர்கள் மேடைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து, மடியில் தூங்கிய குழந்தைகளுக்குக் கொசு விரட்டிக்கொண்டிருந்தார்கள். விதிப்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி போடக்கூடாது. ஆகவே உங்களைப் பத்தரைக்கு ஏற்றியதே தவறு. நிகழ்ச்சி நிரலில் உங்கள் நேரத்தை முதலில் எழுதி, மிச்சத்தைப் பேச்சாளர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: முளைப்பாரி வளர்க்கும் வீட்டுக்கு ஒரு சுத்தபத்தம் உண்டு, பாரியைத் தண்ணீரில் கரைக்க ஒரு நாள் உண்டு. விழாவுக்காகப் பாரி வளர்க்காதீர்கள். கும்மிப் பாட்டும் அடியும் போதும். பாரியைப் பார்க்க ஆசைப்படுகிறவர் உங்கள் அம்மன் கொடைக்கு வரட்டும்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். இதனால் எனக்கு என்ன? (இராமேசுவரம்)

பதில்: இரண்டு நாளில் பெரிதாக ஒன்றுமில்லை என்பதே நேர்மையான பதில். காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். அங்கே பயன் கிடைப்பது அது அன்றாடம் நடப்பதால். விழா முடிந்த பிறகும் கருப்பட்டிக் குடிசையும் பாசிக்காரர்களின் பாயும் வாரம் ஒருமுறை திறந்திருக்குமானால், வழிதெரிந்த ஆட்டோக்காரருக்குத் தேவை வரும். குழுக் கூட்டத்துக்குப் போய் இதைக் கேளுங்கள். போகிற வழியில் இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும்: பவளக்கல், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை நினைவுப் பொருளென்று யாராவது பயணிக்கு விற்றால், வாங்கியவரும் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வார்.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். விழாவில் எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. நான் என்ன செய்யலாம்? (தங்கச்சிமடம்)

பதில்: உன் தாத்தாவிடமோ, வல்லம் என்னும் நாட்டுப்படகு ஓட்டும் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமோ போய், எந்தத் திசையிலிருந்து வரும் காற்றுக்கு என்ன பெயர் என்று கேள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று தொடங்குவார். இடைப்பட்ட திசைகளுக்கும் பெயர் சொல்வார். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள். பிறகு ஒரு பெரிய அட்டையில் வட்டம் வரைந்து, திசைக்கொரு பெயரை எழுதி, விழாவன்று கரையில் ஒரு கம்பில் கட்டி நிறுத்து. எழுத்துப்பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திவிடுவார். திசை மட்டும் தப்பாகிவிடக்கூடாது. அந்த அட்டையை முதலில் படிக்கப்போகிறவர்கள் உன் ஊர் மீனவர்கள்.